வேலி ஓரத்துப் பச்சை

ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று பார்ப்பது டாக்டர் மைத்ராவின் காலைப் பரீட்சை. மூச்சை இழுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். மூச்சு எங்கே நிற்கிறதோ அதை நர்ஸிடம் சொல்லிவிட்டு அவர் அடுத்த படுக்கைக்குப் போவார். சீதாராமன் எண்ண மாட்டேன் என்றுவிட்டார். எண்ணுவதெல்லாம் நர்சரிக் குழந்தைகளுக்கு என்றார். துறைமுகத்தில் நதியை அளக்கும் பிரிவில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். ஹூக்ளியின் அடியில் மணல் எங்கே மேடு தட்டுகிறது, கப்பலுக்கு வழிகாட்டும் மிதவையை எங்கே இறக்கிக் கட்டவேண்டும் என்பது அவருடைய வேலை. அதனால் எண்களுக்குப் பதில் ஊர்களைச் சொன்னார். கார்டன் ரீச், பஜ்பஜ், உலுபேரியா, ஃபல்தா, டயமண்ட் ஹார்பர், குல்பி, ஹல்தியா, காக்த்வீப், சாகர். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றைக்கு ஒரே மூச்சில் கடலுக்கே போய்விட்டார். பெங்காலிகளின் பூஜைக்குப் பந்தல் போட ஆரம்பித்தபோது குல்பியில் நின்றார்.

வியாதி காலில்தான் தொடங்கியது. வீட்டுக்குள் நடக்கும்போது செருப்பு கழன்று விழும், அது விழுந்ததே அவருக்குத் தெரியாது. மனைவி பாகீரதி பின்னாலேயே எடுத்துக்கொண்டு வந்து, இன்னும் கல்யாண மாப்பிள்ளைன்னு நினைப்பா, செருப்பைத் தூக்க மச்சினன் வருவானா என்று கேலி பேசினாள். பிறகு லேக் கார்டன்ஸ் வீட்டு மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. அப்புறம் காபி தம்ளரைப் பிடிக்க இரண்டு கை வேண்டியிருந்தது. அதோடு கேலி நின்றது.

நரம்பின் மேலுறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது என்றார் மைத்ரா. ஸ்டீராய்ட் கொடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான பேர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதத்தை மட்டும் பிரித்துப் பாட்டிலில் அடைத்து வருகிறது, அதை டிரிப்பில் ஏற்றினார்கள். இத்தனை பேர் சமாசாரம் உள்ளே போயாச்சு, இனிமே மடி, ஆசாரம்னு எங்கிட்ட வாயைத் திறக்கப்படாது என்றாள் பாகீரதி. அதில் நாலு பேராவது பெங்காலியா இருப்பான், நாளைக்கு நான் ஹில்சா மீன் கேட்டாலும் கேட்பேன் என்றார் அவர். டிரிப்பும் கேட்கவில்லை.

மருமகள் சுப்ரியா பெங்காலி. பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவள். மகன் ரஞ்சன் அவளை முதல் தடவை வீட்டுக்கு அழைத்துவந்தபோது, பெண் என்ன செய்கிறாள் என்று பாகீரதி கேட்டாள். நரம்புச் செல்லைப் பற்றி ஆராய்ச்சி என்றான். அப்படின்னா? எலியோட நரம்பை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பா என்றான். எலி அறுக்கிற கையால் இந்த வீட்டு அடுப்பைத் தொடப்போகிறாளா என்று பாகீரதி கேட்டதும், அது சுப்ரியாவுக்குப் புரிந்துவிட்டதும், புரியாத மாதிரி அவள் சிரித்ததும் அந்த வீட்டில் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் தமிழ் கற்றுக்கொண்டாள். மாமனாரை பாபா என்றும் மாமியாரை மா என்றும் கூப்பிட்டாள். அவரும் பெங்காலிகள் மருமகளைக் கூப்பிடுகிற மாதிரி ‘பௌமா’ என்றுதான் கூப்பிட்டார்.

கால் மரத்துப்போன நாட்களில்தான் அவர் அவளிடம் கேட்டார், நீ லேபில் அப்படி என்னதான் தேடுகிறாய் என்று. அவள் காபி டேபிளில் ஒரு நூலை நீட்டி வைத்துச் சொன்னாள். நரம்புச் செல்லிலிருந்து நீளமாக ஒரு இழை போகிறது. முதுகிலிருந்து கால் விரல்வரைக்கும்கூட ஒரே இழை. அதன்மேல் உறை சுற்றியிருக்கிறது, நடுநடுவே சின்னச் சின்ன இடைவெளி விட்டு. சேதி அந்த இடைவெளிகளில் தாவித் தாவிப் போகிறது. சோடியம் உள்ளே வரும் கதவுகள் இழை முழுக்கப் பரவி இருப்பதில்லை, அந்த இடைவெளிகளில் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. நகராமல் இருக்க அடியில் நங்கூரம் மாதிரி ஒரு புரதம் பிடித்துக்கொள்கிறது. உறையின் விளிம்பு இரண்டு பக்கமும் இழையோடு ஒட்டி வேலி போடுகிறது. பொட்டாசியம் வெளியே போகும் கதவுகள் வேலிக்கு அந்தண்டை. அவை இந்தப் பக்கம் வந்துவிட்டால் சேதி பாதியில் செத்துப்போகும்.

அவர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “மிதவை இறக்கற மாதிரிதான். கண்ட இடத்துல இறக்கினா கப்பல் தரை தட்டும். சரி, இங்கே சர்வே பண்றது யாரு? இந்த இடத்துல கதவை வைன்னு யார் சொல்றா?”

“உறை சுற்றும்போது ரெண்டு பக்கமிருந்தும் தள்ளிக்கொண்டு வருகிறது. கதவெல்லாம் நடுவில் சேர்கிறது. ஆனா முழுசா தெரியாது பாபா. அதைத்தான் தேடறோம்.”

“சம்பளம் குடுக்கறாளா தெரியாததுக்கு?”

“குடுக்கறா. லேட்டா குடுக்கறா.”

அவர் சிரித்தார்.

டிரிப்பும் கேட்காமல் போனபோது சுப்ரியாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த வியாதியில் ஒரு வகை உண்டு. அதில் எதிர்ப்புப் புரதம் உறையைத் தாக்குவதில்லை, அந்த வேலியைத் தாக்குகிறது. அந்த வகைதான் டிரிப்புக்கு மசியாது, அதற்கு வேறு மருந்து இருக்கிறது. மைத்ராவும் அதை யோசித்திருந்தார். ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார். ஆனால் அப்போது பூஜை வந்துவிட்டது. பூஜையில் இந்த ஊரில் கூரியர்காரன் எடுக்க வரமாட்டான், கிளார்க் சீல் வைக்கமாட்டான். லட்சுமி பூஜை கழியட்டும் என்றார்கள் எல்லாரும். குல்பி டயமண்ட் ஹார்பராயிற்று.

சுப்ரியா காத்திருக்கவில்லை. மாமனாரின் ரத்தத்தில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு நியூ டவுனில் இருந்த தன் லேபுக்குப் போனாள். லேப் தலைவர் பூஜைக்கு பாங்குராவில் இருக்கும் சொந்த ஊருக்குப் போயிருந்தார். மாணவர்கள் ஒருவரும் இல்லை. எலிக்கால் நரம்பைப் பிரித்து இழை இழையாகக் கண்ணாடியில் ஒட்டினாள். அதன்மேல் மாமனார் ரத்தத்தின் தெளிந்த நீரை விட்டாள். மனிதரின் எதிர்ப்புப் புரதம் எங்கே போய் ஒட்டுகிறதோ அங்கே பச்சையாக ஒளிரும்படி சாயம் சேர்த்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வியாதி இல்லாத ஒருவர் ரத்தம் வேண்டும். யாரைத் தேடுவது? வாசலில் காரில் உட்கார்ந்திருந்த ரஞ்சனைக் கூப்பிட்டு அவன் கையில் ஊசியைப் போட்டாள்.

ரஞ்சனின் ரத்தம் விட்ட கண்ணாடி இருட்டாக இருந்தது. சீதாராமனுடையதில் ஒவ்வொரு இடைவெளிக்கும் இரண்டு பக்கமும், வேலி இருக்கும் இடத்தில், பச்சையாக இரண்டு கோடு. இழை நெடுக, ஜோடி ஜோடியாக. சுப்ரியா மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து அழுதாள் என்று ரஞ்சன் பிறகு வீட்டில் சொன்னான்.

படத்தை மைத்ராவின் போனுக்கு அனுப்பினாள். அவர் உடனே கூப்பிட்டார். இது ஆராய்ச்சிப் படம், இதைக் கேஸ் ஷீட்டில் வைக்க முடியாது, ஆனால் எனக்கு இது போதும் என்றார். அவருக்கிருந்த தயக்கம் வேறு. எதிர்ப்புப் புரதம் செய்கிற செல்களையே அந்த மருந்து அழித்துவிடும், பல மாதம் உடம்புக்குக் காவல் குறையும். சீதாராமனுக்கு வாலிபத்தில் டி.பி. வந்து ஆறிய தழும்பு நெஞ்சில் இருந்தது. அது திரும்ப எழுந்துகொண்டால் இந்த மூச்சுக்கு அது தாங்காது. படம் மட்டும் இல்லாவிட்டால் இந்த ஆபத்தை நான் எடுக்கமாட்டேன் என்று அவர் ரஞ்சனிடம் வெளிப்படையாகவே சொன்னார். படம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மருந்து ஏற்றுவதாக முடிவாயிற்று. பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்று பாகீரதி கேட்டுக்கொண்டாள். மைத்ரா எதற்கு என்று விசாரிக்காமல் ஒன்பதரை என்று எழுதிக்கொடுத்தார்.

பாகீரதியைக் கையில் பிடிக்க முடியவில்லை. அண்டை அசலுக்கெல்லாம் சொன்னாள், சென்னையில் நாத்தனாருக்குச் சொன்னாள், காய்கறிக்காரனிடம் பெங்காலியில் சொன்னாள். இத்தனை டாக்டருக்குத் தெரியாததை எங்காத்து சுப்ரியா கண்டுபிடிச்சா. கீழ்வீட்டு பத்மநாபன், பேங்கில் இருந்து ரிடையரானவர், அப்போ இதுக்கு என்ன பேர் வைக்கப்போறேள், சீதாராமன் வியாதின்னே வெச்சுடலாமா என்று கேட்டார். பாகீரதி அதையும் மெச்சிக்கொண்டாள். எலி அறுத்த கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் விடவில்லை.

அன்று மத்தியானம்தான் அது நடந்தது. சீதாராமனின் அடுத்த படுக்கையில் புதிதாக ஒரு அம்மாள். அவளுக்கும் அதே மாதிரி டிரிப் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாட்டில் தீர்ந்து நர்ஸ் கழற்றியபோது அடியில் கொஞ்சம் மிச்சம் நுரைத்துக்கொண்டு நின்றது. சுப்ரியா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாமனாருக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்த ஸ்பூன் அப்படியே நின்றது. என்ன பௌமா, வாயைத் திறந்துண்டு எத்தனை நாழி இருக்கறது என்றார் அவர்.

அவருடைய ரத்தத்தை அவள் எடுத்தது டிரிப் ஏற்றிய பிறகு. அந்த ரத்தத்தில் அவருடைய எதிர்ப்புப் புரதம் மட்டுமா இருந்தது? ஆயிரம் பேருடையது இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அவள் எடுத்திருக்க வேண்டியது ரஞ்சனின் ரத்தம் அல்ல. ரஞ்சனுக்கு வியாதியும் இல்லை, டிரிப்பும் இல்லை. எடுத்திருக்க வேண்டியது டிரிப் ஏறின, வேறே வியாதிக்காரர் ஒருவரின் ரத்தம். இல்லாவிட்டால் டிரிப்பையே. முதல் வருஷ மாணவன் செய்திருந்தால் அந்தப் படத்தைத் தூக்கி எறிந்திருப்பாள். லேபில் கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் அவனாவது கேட்டிருப்பான். பூஜை, அவசரம், மாமனார். கேட்க வேண்டிய கேள்வியை அவள் கேட்கவில்லை.

நர்ஸ் ஒரு மலையாளப் பெண். தூக்கிப் போடப்போகிற பாட்டிலை இவள் எதற்குக் கேட்கிறாள் என்று யோசித்தாள், கொடுத்துவிட்டாள். சுப்ரியா அதோடு லேபுக்குப் போய் மீண்டும் இழைகளைப் பிரித்தாள். அதே எலி, அதே சாயம். மாமனாரின் ரத்தத்துக்குப் பதில் பாட்டிலின் மிச்சம்.

வியாழக்கிழமை காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். வேலி ஓரத்தில் இரண்டு பக்கமும் பச்சை. ஜோடி ஜோடியாக. முன்பு எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. அடுத்த கண்ணாடியைப் போட்டாள். அதுவும் அப்படித்தான்.

சாயங்காலம் ரஞ்சன் அவளை அழைத்துப்போக வாடகைக் காரில் வந்தான். பைபாஸில் வண்டி நின்று நின்று போயிற்று. டிரைவர் பெங்காலி. அவனுக்குப் புரியவேண்டாம் என்று ரஞ்சன் தமிழிலேயே பேசினான். சுப்ரியாவுக்குத் தமிழில் சண்டை போட வராது. அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் முதலில் கேட்டது:

“அது வேற பாட்டில்தானே? அப்பாவுக்கு ஏத்தினது இல்லையே?”

“வேற பாட்டில்லயே இப்படி இருக்கு. அப்போ அப்பாவுக்கு ஏத்தினதுல இருக்காதுன்னு எப்படிச் சொல்ல?”

“இருக்கும்னும் சொல்ல முடியாது.”

“முடியாது.”

“அப்போ அப்பாவுக்கு அந்த வியாதி இல்லைன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“இருக்கலாம்?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். முன்னாடி இருந்த மாதிரி.”

அவன் வெளியே பார்த்தான். பந்தல் பிரித்த மூங்கில்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“இதோ பாரு சுப்ரியா. படம் தப்பு, சரி. வியாதி தப்புன்னு இல்லையே. டிரிப் கேட்கலைங்கறது நிஜம், ஸ்டீராய்ட் கேட்கலைங்கறது நிஜம். மைத்ரா முதல்லயே இந்த மருந்தைத்தான் யோசிச்சார். நீ வாயைத் திறந்தா அவர் நிறுத்திடுவார். நிறுத்தினா அப்பாவுக்கு என்ன இருக்கு? இன்னிக்குக் காலைல ஃபல்தா. நீ இல்லை, உனக்குத் தெரியாது. ஃபல்தாவுல நின்னுட்டார்.”

சுப்ரியா பெங்காலியில் வெடித்தாள். மைத்ரா டி.பி. தழும்பையும் மீறி இதற்குச் சம்மதித்தது என் படத்தைப் பார்த்து, உங்கள் அப்பா செத்தால் என் படத்தால் சாவார் என்றாள். டிரைவர் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தான். ரஞ்சன், தமிழ்ல சொல்லு, தமிழ்ல சொல்லு என்று பல்லைக் கடித்தான்.

“தமிழ்ல எனக்கு வரலை.”

“அப்போ பேசாதே. நாளைக்கு ஒருநாள் பேசாதே. மருந்து ஏறினப்புறம் பொறுமையா மைத்ராகிட்ட சொல்லு. நான் சொல்றேன், நீ வேண்டாம்.”

லேக் கார்டன்ஸ் வருகிறவரை அவள் பேசவில்லை. இறங்கும்போதும் பேசவில்லை. சம்மதித்துவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பாகீரதி குளித்து, கோவிலுக்குப் போய்விட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். கணவரின் நெற்றியில் விபூதி இட்டாள். மருந்துப் பை வந்து ஸ்டாண்டில் தொங்கியது, இன்னும் குழாயில் இணைக்கவில்லை. மைத்ரா ரவுண்ட்ஸில் இருந்தார். ரஞ்சன் கதவருகே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுப்ரியா ஸ்டூலை இழுத்து மாமனாரின் தலைமாட்டில் போட்டுக்கொண்டாள்.

டாக்டரிடம் போகலாம் என்றுதான் இரவெல்லாம் நினைத்திருந்தாள். காலையில் அது சரியில்லை என்று பட்டது. ரத்தம் இவருடையது.

“பாபா, நான் எடுத்த படம் தப்பு.”

ரஞ்சன் நிமிர்ந்தான். சுப்ரியா, என்றான். அவள் திரும்பவில்லை.

அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள், வராத இடத்தில் பெங்காலியில் சொன்னாள். அந்தப் பச்சை உங்க ரத்தத்தாலே வந்ததா, டிரிப்பாலே வந்ததா, எனக்குத் தெரியாது. டிரிப்பை மட்டும் விட்டாலும் அதே பச்சை வருது. நான் அதை முதல்லயே பார்த்திருக்கணும், பார்க்கலை. படத்தை நம்பித்தான் மைத்ரா இந்த மருந்துக்கு ஒத்துண்டார். உங்க நெஞ்சுல பழைய தழும்பு இருக்கு.

சீதாராமன் கண்ணை மூடித் திறந்தார். பேச மூச்சு சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“அந்த வேலி வியாதி எனக்கு இருக்கா, இல்லையா?”

“தெரியாது.”

“படம் இல்லேன்னா மைத்ரா குடுப்பாரா?”

“மாட்டார்னு நினைக்கறேன்.”

“ரஞ்சனுக்குத் தெரியுமா இது?”

ரஞ்சன் கதவருகிலிருந்தே, தெரியும்பா, நான்தான் சொல்லாதேன்னேன் என்றான்.

“தப்பா சொல்லலை நீ,” என்றார் சீதாராமன். “நானா இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். எங்கப்பாவா இருந்தா.”

பாகீரதி அதுவரை விபூதிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே இருந்தாள்.

“நேத்து வரைக்கும் உனக்குத் தெரிஞ்சிருந்தது,” என்றாள் சுப்ரியாவைப் பார்த்து. “ஊரைக் கூட்டிச் சொன்னேன். இன்னிக்குத் தெரியாதுங்கறே. மருந்து இதோ தொங்கறது. ஒரு நாழி, ஒரே ஒரு நாழி நீ சும்மா இருந்திருந்தா உள்ளே போயிருக்கும். நல்லதோ கெட்டதோ, போயிருக்கும். இப்போ என்ன பண்ணப்போறே நீ?”

“எனக்குத் தெரியலை மா.”

“தெரியலை, தெரியலை. உன்னை யார் பார்க்கச் சொன்னா அந்த பாட்டிலை?”

சீதாராமன் கையைத் தூக்க முயன்றார். அது போர்வைக்கு மேலே கொஞ்சம் எழுந்து விழுந்தது. பாகீ, போறும் என்றார். பிறகு, டாக்டரைக் கூப்பிடு என்றார். யாரைப் போகச் சொன்னார் என்று தெரியவில்லை. ரஞ்சன்தான் போனான்.

மைத்ரா வந்து இரண்டு படங்களையும் பார்த்தார். போனைப் பெரிதாக்கி, சின்னதாக்கிப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுப்ரியாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். இதை நானும் கேட்டிருக்க வேண்டும், டிரிப்புக்கு முன்னாலா பின்னாலா என்று, நானும் கேட்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார். பெங்காலியில் அவளிடம், ஒருமையில். பிறகு ஸ்டாண்டில் தொங்கின பையைக் கழற்றச் சொன்னார்.

ரத்தத்தை வெளியே எடுத்து, அதன் நீர்ப் பகுதியை மாற்றித் திரும்ப உள்ளே அனுப்புகிற மெஷின் இருக்கிறது, எந்த வகை வியாதியானாலும் அது கொஞ்சம் கேட்கும் என்றார். கழுத்தில் பெரிய குழாய் போட வேண்டும், இவருடைய ஹார்ட் அதைத் தாங்குமா என்று பயந்துதான் இத்தனை நாள் தள்ளிவைத்தேன், இனித் தள்ள முடியாது. மெஷினில் போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்புகிறோம், டிரிப்பில் வந்ததையும் இவருடையதையும் பிரித்துப் பார்க்க அவர்களிடம் வழி இருக்கிறது. பதில் வர வாரங்கள் ஆகும். அதுவரை ஐ.சி.யூ.வில் இருக்கட்டும். மூச்சு எந்த நேரமும் படுத்துக்கொள்ளலாம், அப்போது மெஷின் மூச்சு கொடுக்க வேண்டியிருக்கும்.

தாங்குமா என்று பாகீரதி கேட்டாள். சொல்ல முடியாது என்றார் அவர்.

படுக்கையைத் தள்ளிக்கொண்டு போக ஆட்கள் வந்தார்கள். ஐ.சி.யூ. வாசலில் ஒரு பெண், கழுத்தில் மாட்டிக்கொள்கிற அட்டை ஒன்றை நீட்டினாள். ஒரு பேஷண்டுக்கு ஒரே அட்டை, ஒரே ஆள், மாற்றி மாற்றி வரக்கூடாது, யார் வருவீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றாள். யாரும் யோசிக்கவில்லை. பாகீரதி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் போன இடத்துக்கெல்லாம் போனவள், காக்த்வீப்பில் சர்வே முகாமில் கொசுவலைக்குள் சமைத்தவள்.

“பாகீ,” என்றார் அவர். “அட்டையை சுப்ரியாகிட்ட குடு.”

அவள் புரியாத மாதிரி நின்றாள்.

“நீ வந்தா நான் நன்னா இருக்கேன்னு சொல்வே,” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். “ரஞ்சனும் சொல்வான். உள்ளே இருக்கறவாளும் அதையேதான் சொல்வா. எனக்கு என்ன ஆறதுன்னு எனக்குத் தெரியணும்.”

“நான் பொய் சொல்வேனா?”

“சொல்வே. நான் உனக்குச் சொன்னதில்லையா?”

ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். படுக்கையின் சக்கரத்தில் ஒருவன் காலை வைத்திருந்தான். ரஞ்சன், அம்மா என்று அவள் தோளைத் தொட்டான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். கணவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நெற்றி விபூதி கண்ணில் விழுந்துவிடாமல் புறங்கையால் ஓரத்தைத் துடைத்தாள். கதவு திறந்து படுக்கை உள்ளே போயிற்று.

சுப்ரியா கையை நீட்டவில்லை. மா, நீங்களே போங்கோ, நான்தான் அனுப்பினேன்னு பாபாகிட்ட சொல்லுங்கோ என்றாள்.

“அவர் கேட்டது உன்னை.” பாகீரதி அட்டையின் கயிற்றைப் பிரித்து மருமகளின் கழுத்தில் தானே மாட்டினாள். முடி சிக்கிக்கொண்டது, வெடுக்கென்று இழுத்தாள், வலித்திருக்கும். “உன்மேல எனக்கு ஆத்திரம் தீரலை. எப்போ தீரும்னும் தெரியாது. அது வேற.”

“சரி மா.”

“உள்ளே என்ன பார்த்தாலும் அவர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து சொல்லணும். ரஞ்சன்கிட்ட இல்லை. எங்கிட்ட.”

சுப்ரியா தலையாட்டினாள். “நல்லா இல்லைன்னாலுமா?”

“நன்னா இருந்தா யார் வேணா சொல்வா,” என்றாள் பாகீரதி. “போ. தனியா இருக்கார்.”